மூன்றாம் நம்பர் டேப்பு

அந்தப் பெட்டி வீட்டுக்குள் வந்த வியாழக்கிழமையிலிருந்து கன்னையாவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

பெரிய பெட்டி ஒன்றுமில்லை. ஒரு ரொட்டி டின் அளவு இருக்கும். கறுப்பு நிறம், முன்பக்கம் ரெண்டு இழுப்பறை, ஒவ்வொன்றுக்கும் ஒரு பச்சை விளக்கு. மருமகன் லோகன் அதை டிவிக்குக் கீழே வைத்தான். பிறகு சுவரில் துளை போட்டு நீலக் கேபிள் ஒன்றை அறைக்கு அறை இழுத்துக்கொண்டு போனான். செலாயாங்கில் ஒரு கிடங்கில் கேமராவும் கணினியும் பார்த்துக்கொள்கிற வேலை அவனுக்கு. ஆபீஸ் வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான் என்று கன்னையாவுக்கு எரிச்சல்.

"எதுக்கு மாப்ள சுவத்த ஓட்ட போடுறீங்க? வைஃபைன்னா காத்துல போகும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"காத்துல போனா படம் நின்னு நின்னு வரும் மாமா. கேபிள்ல போனா தண்ணி மாதிரி ஓடும்."

"தண்ணியே நம்ம ஊர்ல ஒழுங்கா ஓடுறதில்ல. போன வாரம் மூணு நாள் பைப்புல காத்துதான் வந்துச்சு."

சமையலறையிலிருந்து மகள் ஷாமினி குரல் கொடுத்தாள். "அப்பா, அவர வேல செய்ய விடுங்க லா. இல்லாட்டி ஏணியப் பிடிங்க."

ஏணியைப் பிடித்தார். பிடித்துக்கொண்டே விசாரித்தார். வீட்டிலுள்ள படம், பாட்டு, போட்டோ எல்லாம் அந்தப் பெட்டிக்குள் போய்விடுமாம். டிவியிலும் பார்க்கலாம், போனிலும் பார்க்கலாம். பினாங்கில் படிக்கிற பேரப் பிள்ளைகள் அங்கே இருந்தபடியே பார்க்கலாம்.

"அவங்க பாத்தா, அடுத்த வீட்டுக்காரன் பாக்க மாட்டானா?"

"பாஸ்வர்ட் இருக்கு மாமா."

"சீல் வச்ச கண்டெய்னர்லயே கை வச்சவன எல்லாம் பாத்தவன் நான். என்கிட்ட பூட்டுக் கதை சொல்லாதீங்க."

அது வெட்டிப் பேச்சு இல்லை. கிள்ளான் துறைமுகத்தில் முப்பத்தெட்டு வருஷம் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் எந்தக் காகிதத்திலும், ரெண்டு பேர் தனித்தனியாகப் படித்துச் சொல்லி, ரெண்டும் ஒத்துப்போனால்தான் கையெழுத்துப் போடுவார். அப்படியே எழுபத்தாறு வயது வரை வந்தாயிற்று. பண்டமாரானில் இந்த வீட்டை வாங்கியதும் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் லோகன் டிவியைப் போட்டுக் காட்டினான். திரை முழுக்கக் கட்டம் கட்டமாகச் சின்னச் சின்னப் படங்கள். பேரப் பிள்ளைகளின் பிறந்தநாள், பத்துமலை போனது, யாரோ யாருக்கோ கேக் ஊட்டியது. கன்னையா கைலியை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். அப்போதுதான் மருமகன் சொன்னான்:

"இருங்க மாமா. உங்களுக்கு ஒரு சர்ப்ரைஸ் இருக்கு. எங்க கல்யாண வீடியோ! அலமாரியில அத்தை கட்டி வச்சிருந்தாங்களே, அஞ்சு சின்ன டேப்பு. நீங்க கிளினிக் போயிருந்தப்ப எடுத்துட்டுப் போனேன். பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு கடையில மாத்திக் குடுத்தாங்க. எடிட் பண்ணாத டேப்பு மாமா. முழுசா இருக்கு."

ஐந்து கட்டங்கள் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொரு கட்டத்துக்கும் பெட்டியே டேப்பிலிருந்து ஒரு படத்தைப் பிடுங்கி ஒட்டியிருந்தது. முதலாவதில் மணமேடை. ரெண்டாவதில் செத்துப்போன மனைவி சீதாலெட்சுமி, வாயில் வெற்றிலை. மூன்றாவதில் கல்யாணம் நடந்த டேவான் மண்டபத்தின் இரும்பு கேட். கேட்டுக்கு வெளியே வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஆள், கையில் தட்டு.

முகம் கடுகளவுதான் தெரிந்தது. மற்றவர்களுக்கு அது யாரோ ஒரு விருந்தாளி. கன்னையாவுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அது அவருடைய தம்பி சுகுமாறன்.

இருபத்தாறு வருஷமாக அந்த வீட்டில் சொல்லப்பட்டுவரும் சேதி, சுகுமாறன் கல்யாணத்துக்கு வரவில்லை என்பது. சொன்னவர் கன்னையா. "நீ நேர்ல போய்க் கூப்பிட்டும் வரல பாத்தியா?" என்று மகளிடம் அவர் அன்றைக்கே சொன்னார். ஷாமினி மணக்கோலத்தில் அழுதாள். சித்தப்பா என்றால் அவளுக்கு உயிர். அதற்குப் பிறகு அவர் பேச்சையே எடுக்கமாட்டாள். கோவிட்டுக்கு முந்தின வருஷம் சுகுமாறன் இறந்தபோது, "என் கல்யாணத்துக்கு வராதவரு சாவுக்கு நான் ஏன் போகணும்?" என்று சொல்லிவிட்டு அன்றைக்கும் வேலைக்குப் போனாள்.

நடந்தது வேறு. சுகுமாறன் வந்தான். கேட்டிலேயே வைத்துத் திருப்பி அனுப்பியவர் அண்ணன்காரர். சும்மா அனுப்பவில்லை. "பொண்ணே உன்ன வேணாம்னுட்டா" என்று சொல்லி அனுப்பினார். ரெண்டு பொய்யும் ரெண்டு பக்கமும் வேலை செய்தன. சித்தப்பாவும் கேட்கவில்லை, மகளும் கேட்கவில்லை.

கேமராக்காரன் தாலி கட்டுவதை எடுக்க இன்னொரு கேமராவோடு மேடைக்குப் போகும்போது, கையிலிருந்த இந்தக் கேமராவை நிறுத்தாமல், சந்தனம் பன்னீர் வைத்திருந்த வரவேற்பு மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தான். அது கேட்டைப் பார்த்து ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு மாதம் கழித்து, "அண்ணே, வாசல்ல ஏதோ சண்ட மாதிரி பதிவாயிருக்கு, வைக்கவா வெட்டவா?" என்று கேட்டான். வெட்டச் சொன்னார். அவனையும் நம்பாமல் ஐந்து டேப்பையும் கையோடு வாங்கி வந்துவிட்டார். கொளுத்தியிருக்கலாம். அதே மூன்றாம் நம்பரில்தான் சீதாலெட்சுமி மகளை அனுப்பிவைக்கிற காட்சியும் இருந்தது. கொளுத்த அவள் விடவில்லை. சரி, ஓட்டிப் பார்க்க வீட்டில் மெஷின் ஏது என்று அவரும் விட்டுவிட்டார்.

"இப்பவே போடவா?" என்றான் லோகன்.

"வேணாங்க. நாளைக்கு மத்தியானம் புனிதா வரா. எல்லாரும் சேந்து பாப்போம்" என்றாள் ஷாமினி.

புனிதா சுகுமாறனின் ஒரே மகள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் டாக்டரிடம் முன்மேசை வேலை. போன வருஷம் ஏதோ கடையில் அவளும் ஷாமினியும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு, அழுது, நம்பர் மாற்றிக்கொண்டார்கள். இப்போது வாரம் ஒரு போன்.

"அவ என்ன இதுக்கு?" என்றார் கன்னையா.

"அவ அப்பா நடக்கிற மாதிரி, பேசுற மாதிரி ஒண்ணுமே அவகிட்ட இல்லப்பா. போட்டோதான் இருக்கு. பழைய வீடியோ எதுலயாச்சும் இருக்காரான்னு தேடிப் பாக்கணுமாம். நம்ம கல்யாணத்துக்குத்தான் வரல. மத்த எதுலயாவது இருப்பாருல்ல?"

கன்னையா எழுந்தார். வாசலுக்குப் போனார். திரும்பி வந்தார். தண்ணீர் குடித்தார். மறுபடி வாசலுக்குப் போனார்.

"என்னப்பா, குட்டி போட்ட பூன மாதிரி அலையுறீங்க?"

"கால் மரத்துப்போச்சு."

சனிக்கிழமை காலை ஷாமினியும் லோகனும் காய்கறி வாங்கப் பாசாருக்குக் கிளம்பினார்கள். அப்படியே கொமுட்டர் ரயில் ஸ்டேஷனில் புனிதாவையும் ஏற்றிக்கொண்டு வருவதாகப் பேச்சு. கார் முனை திரும்பும்வரை கேட்டில் நின்றார். உள்ளே வந்து டிவியைப் போட்டார்.

முதலில் ரிமோட்டால் அழிக்கப் பார்த்தார். எல்லாம் இங்கிலீஷ். எந்தப் பொத்தானை அமுக்கினால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. மூன்றாம் கட்டத்தில் போய் நின்று ஒரு பொத்தானை அமுக்கினார். நாதஸ்வரம் அலறிக்கொண்டு கிளம்பியது. அவசரமாகச் சுவரில் இருந்த சுவிட்சையே அணைத்துவிட்டார். டிவி செத்தது. பெட்டியின் ரெண்டு பச்சை விளக்கும் கண் கொட்டாமல் அவரையே பார்த்தன.

அப்போது துறைமுகத்துப் புத்தி வேலை செய்தது. கடைசியாக ஏற்றின சரக்கு கதவுப் பக்கம்தான் இருக்கும். பிள்ளைகளின் பிறந்தநாள் எல்லாம் முதலில் ஏறியது. டேப்பு கடைசியில் ஏறியது. அப்படியானால் முதல் இழுப்பறை ரொம்பின பிறகு, ரெண்டாவதில்தான் போட்டிருக்க வேண்டும். ஒரு சரக்கு ஒரு கண்டெய்னரில்தானே இருக்கும்? இந்தக் கணக்கில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

ரெண்டாவது இழுப்பறையின் பிடியை அழுத்தினார். லோரிக் கதவு மாதிரி திறந்துகொண்டது. இழுத்தார். பாதிச் செங்கல் கனத்தில் ஒரு இரும்புத் துண்டு கையோடு வந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. உடனே பெட்டி கத்த ஆரம்பித்தது. பீப், பீப், பீப்.

"கத்து. யார் வரப்போறா?"

அந்த இரும்பைத் தோள்துண்டில் சுற்றினார். எங்கே வைப்பது? மெத்தைக்குக் கீழே ஷாமினி தட்டிப் போடுவாள். அலமாரியை இனி நம்ப முடியாது. அரிசி டிரம்மைத் திறந்து முழங்கை வரைக்கும் உள்ளே அமுக்கிப் புதைத்து, மேலே அரிசியைத் தடவிச் சமன் செய்தார். மூச்சு வாங்கியது. ஒரு நிம்மதியும் வந்தது. சரி பார்த்துவிடுவோம் என்று டிவியைப் போட்டார்.

ஐந்து கட்டமும் அப்படியே இருந்தன. வெள்ளைச் சட்டையும் தட்டும் அங்கேயே நின்றன.

கன்னையா தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு முழங்காலில் தவழ்ந்து போய் முதல் இழுப்பறையில் கை வைத்தார். அந்த நேரம் பார்த்து கேட் திறந்தது. லோகன் மட்டும் வேகமாக உள்ளே வந்தான்.

"மாமா? திருடன் கிருடன் வந்துட்டானா?"

"யாரும் வரல. நீங்க ஏன் திரும்பி வந்தீங்க?"

"பெட்டி எனக்கு மெசேஜ் அனுப்புச்சு. ரெண்டாவது டிஸ்க்க யாரோ எடுத்துட்டாங்கன்னு. ஷாமினிய ஸ்டேஷன்ல இறக்கிட்டு ஓடி வரேன். அவங்க கிராப் டாக்சி எடுத்து வந்துருவாங்க."

"பெட்டி கோள் வேற சொல்லுதா?"

லோகன் கீழே குனிந்து ஏதோ பொத்தானை அமுக்கிக் கத்தலை நிறுத்தினான். மாமனார் முகத்தைப் பார்த்தான். "டிஸ்க் எங்க மாமா?"

"அரிசில."

"எதுல?"

"அரிசி டிரம்ல. ஏன் அது இல்லாமலும் ஓடுது?"

லோகனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். "ரெண்டுலயும் ஒரே சரக்குதான் மாமா. ஒண்ணு கெட்டுப்போனா இன்னொண்ணு காப்பாத்தணும்னு அப்படி வச்சிருக்கேன். இதுல எழுதுறது எல்லாம் அதுலயும் எழுதிரும்."

"ஒரே சரக்க எவனாவது ரெண்டு கண்டெய்னர்ல ஏத்துவானா?"

"தொலையக் கூடாத சரக்குன்னா ஏத்தலாம்." அவன் சிரிப்பு நின்றுவிட்டது. "எது தொலையணும்னு நினைக்கிறீங்க?"

கன்னையாவுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "மூணாம் நம்பரு. அழிச்சிடுங்க. ஏன்னு கேக்காதீங்க."

"என் கல்யாணம் மாமா அது. பாக்காம எப்படி அழிப்பேன்?"

அவன் ரிமோட்டை எடுத்தான். தடுக்க எழுந்த கன்னையா எழுந்த மாதிரியே நின்றார். டிவியில் நாற்காலிக் கால்கள், பன்னீர்ச் செம்பு, அதற்கப்பால் கேட். லோகன் ஓட்டிவிட்டு ஓட்டிவிட்டு நிறுத்தினான்.

சுகுமாறன் நின்றான். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. தலையைப் படிய வாரியிருந்தான். கையில் எவர்சில்வர் தட்டு, மேலே சிவப்புத் துணி. நேராக நின்றான்.

கன்னையாவின் நினைப்பில் அவன் குடித்துவிட்டு வந்திருந்தான். தள்ளாடினான், கத்தினான். இத்தனை வருஷமும் அவர் மனசுக்குள் தம்பி தள்ளாடிக்கொண்டேதான் இருந்தான். அப்படி இல்லாமல் போனால் அவர் செய்ததற்கு எந்த ஞாயமும் இல்லை. டிவியில் கத்தியவர் அவர்தான்.

"எதுக்கு வந்த?"

"பாப்பா கூப்பிட்டுச்சுண்ணே. அம்மா விசயம் நமக்குள்ள இருக்கட்டும். இன்னைக்கு அதெல்லாம் வேணாம்."

"பொண்ணே உன்ன வேணாம்னுட்டா. போ."

"பாப்பாவா சொன்னுச்சு?"

"ஆமா."

சுகுமாறன் தட்டை நீட்டினான். டிவிக்குள் இருந்த கன்னையா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறகு திரும்பி உள்ளே போய்விட்டார். கேட்டுக்கு வெளியே இருந்தவன் போகவில்லை. துணி விலகியிருந்தது, அதை ஒரு கையால் இழுத்துச் சரிசெய்தான். உள்ளே மேளம் கொட்டியது. கெட்டிமேளம் முடிகிறவரைக்கும் நின்றான். பிறகு ரோட்டைக் கடந்து பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தான். அது கன்னையாவுக்குத் தெரியாது. அவர்தான் முதுகைக் காட்டிக்கொண்டு போய்விட்டாரே.

லோகன் படத்தை நிறுத்தினான். கொஞ்ச நேரம் ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தாலி கட்டினப்ப அவரு வெளிய நின்னிருக்காரு."

கன்னையா டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார்.

"அழிக்கவா மாமா? சொல்லுங்க. டேப்பு பூஞ்சணம் பிடிச்சிருந்துச்சுன்னு ஷாமினிகிட்ட சொல்லிக்கிறேன். உங்களுக்காக ஒரு பொய் சொல்றேன். ஒரே ஒரு தடவதான்."

"அழிச்சா திரும்ப எடுக்க முடியுமா?"

"முடியாது. கடைக்காரன் டேப்பெல்லாம் ஒட்டிக்கிச்சுன்னு தூக்கிப் போட்டுட்டான். இதுதான் இருக்கு."

கன்னையா ஜன்னலுக்கும் டிவிக்குமாக நாலு தடவை நடந்தார். ஒரு தடவை "அழி" என்று சொல்ல வாயெடுத்தார். திரையில் பஸ் ஸ்டாப் பக்கம் பாதி திரும்பிய முதுகு அப்படியே நின்றுகொண்டிருந்தது. ஷாமினி சொன்னது மறுபடி காதில் விழுந்தது: நடக்கிற மாதிரி, பேசுற மாதிரி ஒண்ணுமே அவகிட்ட இல்லப்பா.

வாசலில் கிராப் வந்து நின்றது. ஷாமினியின் சிரிப்புச் சத்தம். லோகனின் கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே நின்றது.

"மாமா."

"விடுங்க" என்றார் கன்னையா.

புனிதா கையில் கறிபாப் பலகாரப் பொட்டலத்தோடு உள்ளே வந்தாள். அவளுக்கு அப்பனின் நெற்றி. "வணக்கம் பெரியப்பா. உடம்பு போட்டுட்டீங்க" என்றாள்.

"உக்காரு. ரெண்டு பேரும் உக்காருங்க" என்றார் அவர். அவர் மட்டும் உட்காரவில்லை. "உங்கப்பன் இவ கல்யாணத்துக்கு வந்தான். நான்தான் உள்ள விடல. ஷாமினி வேணாம்னு சொன்னான்னு பொய் சொல்லி அனுப்பிட்டேன். இதுல இருக்கு. போடுங்க மாப்ள."

யாருக்கும் உடனே புரியவில்லை. லோகன் போட்டான். அதற்குப் பிறகு யாரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை.

முடிந்தபோது ஷாமினி அப்பாவைப் பார்க்காமல் டிவியைப் பார்த்தே பேசினாள். "ஏன்?"

"உன் கல்யாணத்துக்கு ரெண்டு வருஷம் முந்தி எங்கம்மா செத்தப்ப அவன் குவாந்தான்லேர்ந்து வந்துட்டு இருந்தான். வழியில வெள்ளம். அம்மாவுக்குக் கடைசிப் பிள்ளதான் கொள்ளி வைக்கணும். சுடுகாட்டுல நேரமாச்சுன்னாங்க. நான் வச்சிட்டேன். அவன் வந்து எல்லாருக்கும் முன்னால, அம்மாவ அவன்கிட்டேர்ந்து நான் பறிச்சிட்டேன்னு சொன்னான்."

"அதுக்கா?"

"அத்தன பேருக்கு முன்னாடி சொன்னான்."

சொல்லிக் கேட்டபோது அது அவருக்கே சின்னதாக இருந்தது. இத்தனை வருஷம் நெஞ்சில் பாறாங்கல்லாகக் கிடந்த விஷயம், வாயைவிட்டு வெளியே வந்ததும் ஒரு பிடி மண்ணுக்குக்கூடத் தேறவில்லை.

"நான் போகலப்பா" என்றாள் ஷாமினி. "சித்தப்பா சாவுக்கு நான் போகல. அன்னைக்கு ஆபீஸ்ல உக்காந்து டீ குடிச்சேன். நான்தான் வரவேணாம்னு சொன்னேன்னு நெனச்சிக்கிட்டே அவரு போயிட்டாரு. நீங்க இதே வீட்டுல உக்காந்திருந்தீங்க. என்னைய போகச் சொல்லல."

அவள் அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். ரெண்டும் செய்யவில்லை. அதுதான் அவரை இன்னும் நிலைகொள்ளாமல் ஆக்கியது. கைலியை அவிழ்த்துக் கட்டினார். அவிழ்த்துக் கட்டினார்.

புனிதா இதையெல்லாம் கேட்டாளா என்றே தெரியவில்லை. டிவிக்கு முன்னால் தரையில் போய் உட்கார்ந்திருந்தாள். "அத்தான், இன்னொரு தடவ போடுங்களேன். பாப்பா கூப்பிட்டுச்சுன்னு சொல்றது."

லோகன் போட்டான். பாப்பா கூப்பிட்டுச்சுண்ணே. மறுபடி போட்டான். அவள் வாயை அசைத்துக்கொண்டு கூடவே சொன்னாள். நாலாவது தடவை துணியைச் சரிசெய்கிற இடத்தில் நிறுத்தச் சொன்னாள்.

"பெரியப்பா, தட்டுல என்ன இருந்துச்சு?"

கன்னையா திரையைப் பார்த்தார். சிவப்புத் துணி. அதற்குக் கீழே ஏதோ மேடு தட்டியிருந்தது.

"தெரியல."

"அன்னைக்கு வீட்டுக்கு வெறுங்கையோடதான் வந்தாருன்னு அம்மா சொல்லுவாங்க. எங்க போயிட்டு வந்தாருன்னே சொல்லலையாம். துணிமணியா? பழமா?"

"நான் பாக்கலம்மா. துணியத் தூக்கிப் பாக்கவே இல்ல."

லோகன் படத்தைப் பெரிதாக்கினான். தட்டு திரை முழுக்க வந்தது. இன்னும் பெரிதாக்கினான். சிவப்பு உடைந்து கட்டம் கட்டமாகச் சிதறியது. "பழைய டேப்பு. இதுக்கு மேல தெரியாது" என்றான்.

கன்னையா கிட்டே போனார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரையில் மூக்கு உரசுமளவு குனிந்து, அந்தச் சிவப்புக் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பின்னால் யாரும் அவரை விலகச் சொல்லவில்லை.